இரண்டு மிதியில் நின்ற கார்

புதிதாக டிரைவர் வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் கேட்டார்: "ஒரே காரைப் பதிமூணு வருஷம் ஓட்டுனீங்களாமே, அப்பிடி என்ன எண்ணெய் ஊத்துனீங்க?"

நல்ல எண்ணெய்தான் ஊற்றினேன். நேரத்துக்கு மாற்றினேன். அதெல்லாம் காரோடு வரும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. அதைச் சொல்ல நான் எதற்கு? என் கெட்டிக்காரத்தனத்தைக் கேட்க வேண்டுமென்றால் வேறு நாள் வாருங்கள், மணிக்கணக்காக அளப்பேன். இன்றைக்குச் சொல்லப்போவது, அந்தக் கெட்டிக்காரத்தனமே ஒரு குடும்பத்தை மலையிலிருந்து உருட்டிவிடப் பார்த்த கதை. ஐந்து உயிர். அதில் மூன்று சின்னப் பிள்ளைகள். ஸ்டியரிங்கைப் பிடிக்கிற எவரும் இதைக் கேட்டுவிட்டுப் பிடிப்பது நல்லது.

தலவாக்கலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளி ஒருவரிடம் நான் டிரைவராக இருந்தேன். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மூன்றாம் வருடம் அவர் கொழும்புக்குப் போய் நான்கு கதவுச் சீமைக் கார் ஒன்றைப் புதிதாக வாங்கி வந்தார். வெண்ணெய் நிறம். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர் உட்காரலாம். பிள்ளைகள் என்றால் கணக்கில்லை. ஊரெல்லாம் அதை 'ஜவுளிக்கடைக் கார்' என்றது. முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அதுதான், நோன்புப் பெருநாளுக்கு நுவரெலியா போவதற்கும் அதுதான். தோட்டத்து லயத்தில், அந்த வரிசைக் குடியிருப்பில், யாருக்காவது முடியாமல் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் கடை வாசலில் வந்து நிற்பார்கள், முதலாளி ஒரு வார்த்தை கேட்க மாட்டார், சாவியை என் பக்கம் நீட்டுவார்.

தினமும் காலையில் காரைக் கழுவித் துடைத்துக் கடை வாசலில் நிறுத்துவேன். முதலாளி படியிறங்கி வந்து ஒரே கேள்வி கேட்பார்.

"செல்லையா, வண்டி எப்பிடி ஈக்குது?"

"ஒண்ணுமில்லீங்க மொதலாளி."

இதுதான் எங்களுடைய காலை வணக்கம். 'இருக்குது' என்பது அவர் வாயில் 'ஈக்குது' என்றுதான் வரும். 'ஒண்ணுமில்லை' என்றால் குறை ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் எங்கள் மலையில் எந்த டிரைவரும் முதலாளியிடம் வேறு பதில் சொன்னதில்லை. காலங்காத்தாலே வாயைத் திறந்து வண்டிக்குக் குறை சொல்வது அபசகுனம். அதோடு, வண்டியில் குறை என்றால் அதை வைத்திருப்பவன் லட்சணம் சரியில்லை என்றுதானே ஆகும்? என்ன கோளாறு இருந்தாலும் 'ஒண்ணுமில்லீங்க' என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் கராஜில் சத்தமில்லாமல் சரிபண்ணிக்கொண்டு வருவதுதான் கெட்டிக்காரன் வேலை. நானும் வாய் கூசாமல் சொன்னேன். பத்து வருடம் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது.

பிறகு வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. புதுக் கார் வருவதே நின்றுபோனது. கார் வராவிட்டால் போகட்டும், உள்ளே போடுகிற சாமானும் வரவில்லை. அப்போதுதான் பிரேக்கில் கோளாறு வந்தது. மிதித்தால் எண்ணெயைத் தள்ளுகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர்க் கிண்ணம் இருக்கும், விரல் நுனி அளவுதான். அது தேய்ந்துபோனது. ஹட்டனில் தேடினேன், நுவரெலியாவில் தேடினேன், கொழும்புக்கு ஆள் அனுப்பினேன். எல்லா இடத்திலும் ஒரே பதில்: ஸ்டொக் இல்லை.

எங்கள் பக்கத்தில் கராஜின் தலைமை வேலைக்காரரைப் பாஸ் என்போம். எனக்குத் தெரிந்த பாஸ் ஒரு சிங்களவர், கை சுத்தமான வேலைக்காரர். பழைய ரப்பர் ஒன்றைச் செதுக்கித் தேய்த்து அந்தக் கிண்ணத்தைச் செய்து போட்டார். போட்டுவிட்டு விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டி, "ரெண்டு கிழமை. அவ்வளவுதான். அதுக்குள்ள புதுசு தேடு" என்றார். இரண்டு வாரம்தானே, சரி என்று தலையாட்டினேன்.

மூன்றாம் கிழமையிலேயே மிதி தளர்ந்தது. முதல் மிதியில் அரைகுறையாகப் பிடிக்கும். காலை எடுத்து உடனே இன்னொரு தரம் மிதித்தால் கல்லுப் போலப் பிடிக்கும். சரி, புதுச் சாமான் வரும்வரை இரண்டு தரம் மிதித்து ஓட்டுவோம் என்று நினைத்தேன். முதல் கிழமை ஒவ்வொரு தடவையும் யோசித்து மிதித்தேன். இரண்டாம் மாதம் யோசிப்பது நின்றுவிட்டது, கால் மட்டும் தானாக மிதித்தது. புதுச் சாமான் தேடுவதும் நின்றுவிட்டது. எதற்குத் தேட வேண்டும்? வண்டிதான் நிற்கிறதே!

அது மட்டுமா? அந்தக் காரில் இரண்டாம் கியர் இறக்கத்தில் துள்ளி வெளியே வரும்; இடது கையால் கம்பியை அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். பின் கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் பூட்டும். பேட்டரி சோம்பேறி என்பதால், உருட்டிக் கிளப்ப வசதியாக எப்போதும் இறக்கத்தைப் பார்த்தே நிறுத்துவேன். ஒவ்வொன்றுக்கும் என் உடம்பு ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டது. என்னை யாராவது ஒரு மாதம் படுக்கையில் தள்ளியிருந்தால் அந்தக் காரின் வண்டவாளம் ஊருக்கே தெரிந்திருக்கும். என் கெட்ட காலம், இரண்டு வருடமாகக் காய்ச்சல்கூட வரவில்லை.

பிறகு முதலாளி கடைக்கு ஒரு சின்ன லாரி எடுத்தார். மகள்மார் இருவரும் கல்யாணமாகிக் கொழும்போடு போய்விட்டார்கள், வீட்டில் அவரும் மனைவியும்தான். காரை விற்றுவிடலாம், லாரியை செல்லையா ஓட்டட்டும் என்று முடிவு செய்தார். மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் வேலை பார்த்த பெரிய கிளாக்கர் கேட்டு வந்தார். நல்ல மனிதர், அமைதியான பேச்சு. கார் ஓட்டப் படித்து லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தாரே தவிர, சொந்தக் கார் இதுதான் முதல் தடவை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் பஸ்ஸுக்காக மழையில் நிற்பதைப் பார்க்க முடியவில்லை என்றார். கடைத்தெருச் சமதரையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மெதுவாகப் போகும்போது ஒரு மிதியிலேயே வண்டி நின்றது. அவருக்குத் திருப்தி. சனிக்கிழமை பின்னேரம் சாவியை வாங்க வந்தார்.

"ரெண்டு நாள் வச்சு ஓட்டிப் பாக்குறேன் மொதலாளி. நாளைக்கு ஹட்டன்ல ஒரு கல்யாணம். குடும்பத்தோட பத்து மணிக்கு வெளிக்கிடுறோம். திங்கக்கிழமை வந்து முடிவு சொல்றேன்" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "செல்லையா, வண்டி எப்பிடி ஈக்குது? ஐயாகிட்ட சொல்லு."

"ஒண்ணுமில்லீங்க."

தம்பிமாரே, சத்தியமாகச் சொல்கிறேன், நான் பொய் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் பிரேக் ஞாபகமே எனக்கு வரவில்லை. பின் கதவைத் தூக்கிச் சாத்த வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன், அதுவும் கண்ணுக்குத் தெரிந்ததால். பொய் சொல்கிறவனுக்காவது உண்மை எது என்று தெரியும். எனக்கு அதுகூடத் தெரியவில்லை. கார் மேலே ஏறிப் போவதை நின்று பார்த்து, கண்கலங்கினேன் வேறு!

மறுநாள் ஞாயிறு. காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். முதல் தடவையாக லாரியை எடுத்தேன். புகையிரத நிலையத்தில் இறங்கிய துணிப் பொதிகளை ஏற்றிக்கொண்டு கடைக்கு வர வேண்டும். பக்கத்தில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலாயுதம் அண்ணன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கடைத்தெரு முனையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. மிதித்தேன். லாரி மூக்கைத் தரையில் குத்துகிற மாதிரி நின்றது. பின்னால் பொதிகள் தடதடவென்று சரிந்தன. அண்ணனின் நெற்றி கண்ணாடியில் இடித்தது.

"என்னாய்யா செல்லையா, கொல்லப் பாக்குறியா?" என்று நெற்றியைத் தேய்த்தார். "ஒரு மிதிக்கே நிக்குற வண்டிய எதுக்கு ரெண்டு தரம் மிதிக்கிற?"

"நான் எங்க ரெண்டு தரம் மிதிச்சேன்?"

"நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். கால எடுத்து எடுத்து மிதிச்சியே."

குனிந்து என் காலைப் பார்த்தேன். வலது பாதம் இன்னும் பிரேக் மேல் இருந்தது. அப்போது உறைத்தது.  கிளாக்கர் ஐயா ஒரு தரம்தான் மிதிப்பார். உலகத்தில் யாராக இருந்தாலும் ஒரு தரம்தான் மிதிப்பார்கள்.

சனிக்கிழமை அவர் போனது பெரும்பாலும் ஏற்றம், பிரேக்குக்குப் பெரிய வேலை இல்லை. இன்றைக்கு இறங்குவார். பாரம் நிறைய, நனைந்த ரோடு.

தோட்டத்தில் போன் ஒன்று ஆபீசில், ஒன்று தோட்டத்தை நடத்துகிற தொரையின் பங்களாவில். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் பூட்டு. பங்களா போனுக்குத் தபாற்கந்தோர், அதாவது தபாலாபீஸ், வழியாகத்தான் பேச வேண்டும், அதுவும் பூட்டு. வேலாயுதம் அண்ணனிடம் இரண்டு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, "பொதி கெடக்கட்டும், ஓட்டு" என்றார்.

தோட்டத்து ரோடு மெயின் ரோட்டிலிருந்து பிரிகிற இடத்துக்கு வந்தபோது பத்து மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அந்த ரோட்டை நீங்கள் மனதில் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழிருந்து போனால் ஐந்து வளைவு, ஒவ்வொன்றும் கொண்டை ஊசி மாதிரி. மூன்றாவது வளைவுக்கு வெளியே பெரிய பள்ளம், அடியில் ஆறு. ஐந்து வளைவும் முடிந்ததும் உச்சியில் ஒரு மேடு. மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஒரு சிறு இறக்கம், அதன் அடியில் ஒரு மதகு, மதகைத் தாண்டினால் தேயிலை அரைக்கிற ஸ்டோரும் கிளாக்கர் வீடும். அவர் வீட்டிலிருந்து வரும்போது முதலில் மதகுக்கு இறங்கி, மேட்டில் ஏறி, அதற்குப் பிறகுதான் ஐந்து வளைவு.

"லாரியிலயே மேல போயிருவோம்" என்றார் அண்ணன்.

எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. ஆனால் அந்த ரோட்டில் இரண்டு வண்டி ஒதுங்க இடம் கிடையாது. ஏதாவது ஒரு வளைவில் லாரியை நேருக்கு நேர் பார்த்தால் அவர் என்ன செய்வார்? பிரேக் மிதிப்பார். "லாரி இங்கனயே ஓரமா நிக்கட்டும், பாத்துக்கிட்டிருங்க" என்று சொல்லிவிட்டுத் தேயிலைக்குள் இறங்கினேன்.

கொழுந்து எடுக்கிறவர்கள் நடக்கும் குறுக்குப் பாதை ஒன்று வளைவுகளை எல்லாம் வெட்டிக்கொண்டு நேராக மேலே ஏறும். ஓடினேன். மழையில் மண் வழுக்கியது. இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாவது வளைவில் ரோட்டைக் கடந்தபோது மூச்சு முட்டி நின்றேன். பள்ளத்துப் பக்கம் பார்த்தேன். கீழே தண்ணீர்ச் சத்தம். இங்கேயே நடு ரோட்டில் நின்று இரண்டு கையையும் தூக்கி மறிப்போம் என்றுதான் நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்?

கையைத் தூக்கியேவிட்டேன். வண்டி இன்னும் வரவில்லை, சும்மா தூக்கிப் பார்த்தேன் போலிருக்கிறது. அப்போதுதான் புத்தியில் பட்டது. ஒரு மனிதன் ரோட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஓட்டுகிறவர் பதறிப்போய் முதலில் செய்வது எது? எதைச் செய்யக்கூடாது என்று சொல்ல ஓடி வந்தேனோ, அதை நானே செய்ய வைக்கப் பார்த்தேன். "அடப் பாவி, கொன்னிருப்பியேடா" என்று வாய்விட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவசரத்தில் முதலில் தோன்றுவது பெரும்பாலும் நம்முடைய பதற்றத்தை ஆற்றிக்கொள்கிற வழி. அது எதிரில் இருப்பவருக்கு உதவுமா என்று ஒரு மூச்சு நின்று பார்க்க வேண்டும். அவரை இறக்கத்தில் நிறுத்தக் கூடாது. ஏற்றத்தில் நிறுத்த வேண்டும். ஏற்றத்தில் வண்டி தானே நிற்கும், பிரேக் தேவையில்லை. அந்த ரோட்டில் அவருக்கு ஏற்றம் என்று இருப்பது ஒரே இடம்தான்: மதகைத் தாண்டி மேட்டுக்கு ஏறுகிற அந்த அறுபது கஜம். அவர் மேட்டைத் தாண்டுவதற்கு முன்னால் நான் அங்கே போய்விட வேண்டும்.

மிச்ச இரண்டு வளைவையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. மேட்டு உச்சிக்கு வந்தபோது ஸ்டோர் பக்கமிருந்து அந்த என்ஜின் சத்தம் கேட்டது. பதிமூன்று வருடம் கேட்ட சத்தம், ஆயிரம் காருக்கு நடுவிலும் கண்டுபிடிப்பேன். மதகுப் பக்கம் நாற்பதடி கீழே இறங்கி, ரோட்டோரத் தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தி ஒளிந்துகொண்டேன். ஆமாம், ஒளிந்துகொண்டேன். சிறு இறக்கத்தில் வரும்போது என்னைக் கண்டுவிட்டால் அங்கேயே மிதித்துவிடுவாரே!

கார் வந்தது. முன் இருக்கையில் கிளாக்கரம்மா, மடியில் ஒன்று. பின்னால் இரண்டு பிள்ளைகள், கல்யாணத்துக்குப் புதுச் சட்டை, ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு. மதகுக்கு மெதுவாக இறங்கியது. மதகின் மேல் ஒரு குலுக்கு. கிளாக்கர் ஐயா கியரை மாற்றினார். ஏற ஆரம்பித்தது. நான் எண்ணினேன்: ஒன்று, இரண்டு, மூன்று. கார் என் பக்கத்தில் வந்தபோது மனிதன் நடக்கிற வேகம்தான். செடிக்குப் பின்னாலிருந்து எழுந்து, ஜன்னலோடு சேர்ந்து நடந்தேன். சிரித்தேன். அந்தச் சிரிப்பை முகத்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

"என்னா செல்லையா, இங்கன?" என்றார் அவர், ஆச்சரியத்தோடு.

"சும்மாதாங்க ஐயா. கால எடுத்திருங்க. எதையும் மிதிக்க வேணாம். தானா நிக்கட்டும்."

என் குரல் எப்படி இருந்ததோ, மறுபேச்சில்லாமல் காலை எடுத்தார். கார் இரண்டு தரம் உதறி, மூச்சை விட்டு நின்றது. "ஹேண்ட் பிரேக்கப் போடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். இன்னொரு கல். மூன்றாவதாக ஒன்று. பிறகு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மேட்டு உச்சி இருபதடி தள்ளி இருந்தது.

அங்கேயே, அந்த அம்மாவும் பிள்ளைகளும் கேட்க, எல்லாவற்றையும் சொன்னேன். ரப்பர்க் கிண்ணம், இரண்டு கிழமை, இரண்டு மிதி, எல்லாம். கிளாக்கர் ஐயா இறங்கி நின்று கேட்டார். காரில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை ஒரு தரம் அமுக்கிப் பார்த்தார். அது கீழே போன ஆழத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனது. கிளாக்கரம்மா பிள்ளைகளை இறக்கி ரோட்டோரம் வரிசையாக நிறுத்தினார். பிறகு என்னிடம் வந்தார்.

"செல்லையா, ஒங்க கால்ல ரத்தம்."

பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே நாலைந்து அட்டைகள் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"கடிச்சது தெரியலீங்கம்மா" என்றேன்.

"அது சரி" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் என்னை அறுத்தது. "ரெண்டு வருஷமா பிரேக் இல்லாததும் தெரியல. அப்ப மொதலாளி வீட்டு ஆளுங்க எத நம்பி இந்த வண்டியில ஒக்காந்தாங்க? ஒங்க காலையா?"

குனிந்து அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துப் போட்டேன்.

அவர்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை. நான் காரைக் கீழே இறக்கினேன், தனியாக, இரண்டு இரண்டாக மிதித்து. ஒவ்வொரு மிதியையும் எண்ணினேன். கடைத்தெரு வருவதற்குள் நூற்றுக்கு மேல் போய்விட்டது. லாரியையும் வேலாயுதம் அண்ணனையும் பிறகு போய்க் கூட்டி வந்தேன்.

முதலாளி வீட்டு முற்றத்தில் நின்று அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார். "போன பெருநாளைக்கு மகளையும் பேரப்புள்ளையையும் நுவரெலியாவுக்கு இதுலதானே கூட்டிப் போன?"

"ஆமாங்க மொதலாளி."

எழுந்து உள்ளே போய்விட்டார். மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. நான்காம் நாள் காலை கடை வாசலில் லாரியோடு நின்றேன். படியிறங்கி வந்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். பிறகு சொன்னார்: "என் மேலயும் குத்தம் ஈக்குது செல்லையா. தெனம் ஒரே மாதிரி கேட்டா அது கேள்வியா? சலாம் சொல்றது மாதிரித்தானே. நான் சலாம் சொன்னேன், நீ பதில் சலாம் சொன்னே. வண்டிய ரெண்டு பேருமே பாக்கல."

காரைக் கராஜுக்குக் கொண்டுபோனேன். பாஸ் பிரேக்கைக் கழற்றித் தான் செய்த ரப்பரைக் கையில் எடுத்தார். ஓரம் எல்லாம் கிழிந்து நார் நாராக இருந்தது. "மம கிவ்வா நேத?" என்றார். நான் சொன்னேன் இல்லையா என்று அர்த்தம். அதை அவர் நான்கு தரம் சொன்னார், நான்கு தரமும் தலைகுனிந்து கேட்டுக்கொண்டேன். அவரே தெரிந்தவர்கள் வழியாகத் தேடி, கண்டியில் ஒருவர் பத்திரமாக ஒளித்து வைத்திருந்த புதுச் சாமானை வரவழைத்தார். இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை காரை நான்கு கட்டை மேல் தூக்கி வைத்திருந்தோம். யாரும் ஆசைப்பட்டுக்கூட ஏறிவிடக் கூடாது என்று சாவியை முதலாளி தன் மடியிலேயே முடிந்து வைத்திருந்தார்.

வேலை முடிந்ததும் கிளாக்கர் ஐயாவுக்குச் சொல்லி அனுப்பினோம். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார், மனைவியோடு. மூன்று பேருமாகக் காரைத் தோட்டத்துக்கு மேலே ஏற்றிக்கொண்டு போனோம். வீட்டு வாசலில் காரைத் திருப்பி வரும்போது அந்த மேட்டு உச்சியில் நிறுத்தச் சொன்னார் கிளாக்கரம்மா. அவர் இறங்கிப் பின் இருக்கைக்குப் போனார். முன் இருக்கையை எனக்குக் காட்டினார்.

"ஒக்காருங்க செல்லையா. கால மடக்கிச் சம்மணம் போட்டு ஒக்காருங்க."

எனக்கு விளங்கவில்லை. கிளாக்கர் ஐயாவும் திரும்பிப் பார்த்தார்.

"இவுக ஓட்டட்டும். ஒங்க கால் இல்லாம இந்த வண்டி எறங்குதான்னு எனக்குத் தெரியணும். எறங்குச்சுன்னாத்தான் எம் புள்ளைங்க இதுல ஏறும்."

செருப்பைக் கழற்றிவிட்டு, முன் இருக்கையில் பந்திக்கு உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கார் நகர்ந்தது. தம்பிமாரே, அந்த ரோட்டில் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன், மழையில், மூடுபனியில், நோயாளியைப் பின்னால் போட்டுக்கொண்டு. ஒரு நாளும் பயந்ததில்லை. அன்றைக்குப் பயந்தேன். முதல் வளைவு வருவதற்கு முன்னாலேயே என் வலது பாதம் மடிக்குள் துடித்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன். கிளாக்கர் ஐயா மிதித்தார், ஒரு தரம். கார் தணிந்தது, வளைந்தது, போனது. இரண்டாம் வளைவில் கியர் துள்ளி வெளியே வந்தது, அவர் திடுக்கிட்டார். "இதையும் சொல்லலையே நீங்க" என்றார். ஆமாம், அதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சமாளித்தது என் இடது கை. வாய்விட்டுச் சொன்னேன்: "கம்பிய அமுக்கிப் புடிங்க ஐயா. அதையும் நாளைக்கே கராஜுல காட்டிருவோம்."

மூன்றாம் வளைவு, பள்ளம் இருக்கிற இடம். "இங்கன நிறுத்துங்க" என்றார் பின்னாலிருந்து கிளாக்கரம்மா. ஐயா மிதித்தார். கார் பள்ளத்துக்கு இரண்டு ஆள் நீளம் இருக்கும்போதே நின்றது. ஒரே மிதி. தண்ணீர்ச் சத்தம் கேட்டது.  என் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. பாதத்தைப் பிடித்திருந்த கையை எடுத்தால் கால் மிதித்துவிடுமோ என்று துடைக்காமலே உட்கார்ந்திருந்தேன்.

அந்த அம்மா கேட்டார். "இப்ப சொல்லுங்க செல்லையா. வண்டி எப்பிடி?"

பதிமூன்று வருடம் தினமும் சொன்ன அந்தப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"ரெண்டாவது கியர் நிக்கலீங்கம்மா. பின் கதவு தூக்கிச் சாத்தணும். பேட்டரி பலமில்ல. பிரேக் நல்லா இருக்கு."

"சரி" என்றார். "இப்பத்தான் இந்த வண்டிய எங்ககிட்டக் குடுத்தீங்க."

அந்தக் கார் அவர்களிடம் அதற்குப் பிறகும் பல வருடம் ஓடியது. ஆகவே தம்பிமாரே, எண்ணெய் எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். மாதம் ஒரு தரம் சாவியை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, முன் இருக்கையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். உங்கள் கால் எங்கே துடிக்கிறதோ, அங்கே உங்கள் வண்டியில் கோளாறு இருக்கிறது.